கொல்லைப்பக்கம் ஒரு சேவல்: ஓவியர் பதில்கள்

எடிட்டர் தம்பி போன் பண்ணி "சார், ஓவியம் பத்தி, பசங்களுக்கு வரையச் சொல்லித் தர்றது பத்தி வாசகர்கள்கிட்ட கேள்வி கேட்டிருக்கோம், நீங்கதான் பதில் எழுதணும்"னு சொன்னப்ப அஞ்சாறு வரும்னு நெனச்சு சரின்னுட்டேன், இப்ப ஒரு மஞ்சப்பை நிறைய வந்திருக்கு. நான் எழுத்து எழுதற ஆள் இல்லீங்க, எழுத்து வரையற ஆள், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. ஒரே மாதிரி கேள்விகளை ஒண்ணாச் சேத்துட்டேன். பேர் எதுவும் போட வேணாம்னு நான்தான் சொன்னேன், ஏன்னா பாதிப்பேர் சொந்தக்காரங்களைத் திட்டித்தான் எழுதியிருக்கீங்க.

உங்களுக்கு ஓவியத்துல ஆர்வம் எப்படி வந்துச்சு? உங்க இன்ஸ்பிரேஷன் யாரு?
— கல்லூரி மாணவி, திருச்சி

யாருன்னு கேட்டா ஒரு சேவல்மா. சிரிக்காதே.

1989 எலெக்‌ஷன், நீ அப்ப பொறந்தே இருக்க மாட்டே. எம்ஜிஆர் போனப்புறம் கட்சி ரெண்டாப் பிரிஞ்சு ரெட்டை இலையை முடக்கிட்டாங்க, ஜெயலலிதா அணிக்கு சேவல், ஜானகி அணிக்கு ரெட்டைப் புறா. நான் பத்தாவது படிச்சுட்டு ராத்திரில கும்பகோணத்துல ஒரு ஆர்ட்ஸ் கடைல எடுபிடி, பெயிண்ட் டப்பா தூக்கறது, சுவத்துக்கு சுண்ணாம்பு அடிக்கறது, நூல் புடிக்கறது. சுவர் எழுதற வேலைல எழுத்து ஈஸி, சின்னம்தான் உசுரை வாங்கும். இலைன்னா ரெண்டு நிமிஷம், கை சின்னம்னா கொஞ்சம் விரல் தகராறு பண்ணும், உதயசூரியனை கண்ணை மூடிட்டுப் போடலாம், ரெண்டு மலை, நடுவுல பாதி வட்டம், கோடு கோடா கதிர், முடிஞ்சுது. ஆனா சேவல்னு சொன்ன உடனே ஊர்ல இருந்த அத்தனை பெயிண்டருக்கும் வயித்தைக் கலக்கிருச்சு. ஆள் பத்தலைன்னு என்கிட்ட பிரஷ்ஷைக் குடுத்தாங்க. நானும் போட்டேன். எங்க மாஸ்டர் பெட்ரோமாக்ஸை தூக்கிப் புடிச்சுப் பாத்துட்டு "ஏன்டா, காக்காய்க்கு ஏன்டா கொண்டை வச்சிருக்கே"ன்னார். அழிச்சு ரெண்டாவது போட்டேன், அது வாத்து. "போ, நாளைக்கு வேலைக்கு வராதே, உங்க வீட்டுக் கொல்லைல சேவல் நிக்கும்ல, அதைப் போய்ப் பாரு"ன்னு அனுப்பிட்டார்.

எங்க அம்மா வளர்த்த சேவல், பொறந்ததுலேருந்து தெனம் பாக்கறேன், கிணத்தடில உக்காந்து அன்னிக்குத்தான் முதல்முறையா பாத்தேன். கொண்டை நேரா நிக்காது, நுனி ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். நடக்கறப்ப கால் மொதல்ல போறதுன்னு நெனச்சிருந்தேன், இல்ல, கழுத்து ஒரு வெட்டு முன்னாடி போகும், அப்புறம் உடம்பு பின்னாடியே போய் சேந்துக்கும். தூக்கின கால்ல விரலெல்லாம் மடங்கி பூ மொக்கு மாதிரி ஆயிரும், கீழ வைக்கறப்பதான் விரியும். வால் இறகு மேல எழும்பி, அப்புறம்தான் வளைஞ்சு விழும், நான் போட்டதுல நேரா கீழ தொங்குச்சு, அதான் காக்கா. அடுப்புக்கரியால சிமெண்டுத் தரை பூரா வரைஞ்சு அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். மூணாம் நாள் ராத்திரி ஒரு நெல்லு மண்டிச் சுவத்துல போட்ட சேவலுக்கு மாஸ்டர் ஒண்ணும் சொல்லல, அடுத்த சுவத்துக்குப் போன்னார், அவ்வளவுதான் பாராட்டு. எலெக்‌ஷன் முடிஞ்சு ரெண்டு அணியும் ஒண்ணாச் சேந்து இலை திரும்பி வந்துருச்சு, என் சேவல் மேல வெள்ளை அடிச்சுட்டாங்க.

சைன்போர்டு கடைலயும் வேலை பாத்திருக்கீங்க, கும்பகோணம் ஓவியக் கல்லூரிலயும் படிச்சிருக்கீங்க. எதுல அதிகம் கத்துக்கிட்டீங்க?
— வாசகர், ஈரோடு

கடைல கை, காலேஜ்ல வாய். விளையாட்டுக்குச் சொல்றேன், காலேஜ்ல எங்க வாத்தியாருங்க தங்கமானவங்க.

கடைல மாஸ்டர் மொத ஆறு மாசம் 'ட'வும் 'ப'வும்தான் எழுத விட்டார், நேர்கோடு வந்தாதான் வளைவுன்னு. 1978-ல எழுத்துச் சீர்திருத்தம் வந்து 'லை', 'னை'யெல்லாம் மாறிருச்சுல்ல, அதுக்கு முன்னாடி அந்த 'ஐ'க்கு யானைத் தும்பிக்கை மாதிரி மேல ஒரு சுழி போகும். சட்டம் மாறி பத்து வருஷம் கழிச்சும் எங்க மாஸ்டர் நகைக்கடை போர்டுக்கு மட்டும் தும்பிக்கைதான் போடுவார், கேட்டா "கவர்மெண்டு ஆபீசுக்கு கவர்மெண்டு எழுத்து, கல்யாண நகைக்கு அழகு எழுத்து"ம்பார். ஒரு எழுத்துக்குள்ள இருக்கற வெள்ளை இடமும் எழுத்துதான்னு அவர் சொன்னதை பின்னாடி காலேஜ்ல 'நெகட்டிவ் ஸ்பேஸ்'னு பேர் வச்சு சொன்னாங்க.

காலேஜ்ல வேற கிடைச்சுது. கே.சி.எஸ். பணிக்கர்னு ஒருத்தர் இருந்தார், மெட்ராஸ் ஓவியக் கல்லூரில பிரின்சிபாலா இருந்தவர், 1963 வாக்குல சொற்களும் குறியீடுகளும்னு ஒரு வரிசை ஆரம்பிச்சார், கேன்வாஸ் பூரா எழுத்து, நம்பர், ஜாதகக் கட்டம், பூச்சி, மீன். அந்த எழுத்துல பாதி எந்த பாஷையும் இல்ல, வாசிக்க முடியாது, பாக்கத்தான் முடியும். அது எங்கேருந்து வந்துச்சுன்னா ஒரு ஸ்டூடண்டோட கணக்கு நோட்டுப் பக்கத்தைப் பாத்து. நம்ம வீட்லயும்தான் கணக்கு நோட்டு கிடக்கு, நமக்கு மார்க்குதான் தெரியும். அதைக் கேட்டதும் எங்க பேட்ச்ல எல்லாரும் ஒரு வருஷம் கட்டம் போட்டு எழுத்து எழுதி ஆளாளுக்கு பணிக்கர் ஆயிட்டோம், நான் போர்டு எழுதற ஆளுங்கறதால என் கேன்வாஸ்ல எழுத்து ரொம்ப நல்லா வந்துச்சு, படம்தான் வரல. வாத்தியார் ஒருத்தர் பாத்துட்டு "கடை எப்பத் திறப்பு விழா?"ன்னு கேட்டார்.

என் பையனுக்கு எட்டு வயசு. சீனரி ரொம்ப அழகா வரைவான், ரெண்டு மலை, சூரியன், ஆறு, வீடு, தென்னை மரம். அவனை டிராயிங் கிளாஸ்ல சேக்கலாமா?
— ஒரு அம்மா, பட்டுக்கோட்டை

அம்மா, கோவிச்சுக்காதீங்க. அந்த சீனரியை நான் ஒரு ஆயிரம் தடவை பாத்துட்டேன். மலைக்கு நடுவுல சூரியன், மேல டிக் மார்க் மாதிரி நாலு பறவை, மலைலேருந்து ஆறு பாம்பு மாதிரி வளைஞ்சு வந்து பேப்பர் ஓரத்துல நிக்கும், ஒரு பக்கம் ஓட்டு வீடு, ஜன்னல்ல பிளஸ் குறி. பட்டுக்கோட்டைல மலை எங்கம்மா இருக்கு? எங்க பக்கத்துலயும் கிடையாது. சுவாமிமலைன்னு ஒரு ஊர் இருக்கு, பேர்லதான் மலை, அது கட்டுமலை, அறுபது படி ஏறினா முருகன் சந்நிதி. ஆனா பேப்பரைக் குடுத்தா நம்ம டெல்டாப் பசங்க அத்தனை பேரும் மலைதான் போடறாங்க.

ஏன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். டிராயிங் புக், காலண்டர் எல்லாம் காரணம்தான். அப்புறம்தான் உறைச்சுது, ரெண்டு மலை நடுவுல சூரியன், அதை ஊர் பூரா சுவத்துல எழுதி வச்சவன்ல நானும் ஒருத்தன். கட்சியைச் சொல்லலீங்க, படத்தைச் சொல்றேன். ராத்திரி ராத்திரியா நான் போட்டதைத்தான் இப்ப ஞாயித்துக்கிழமை கிளாஸ் வச்சு அழிச்சுட்டு இருக்கேன்.

என் கிளாஸ்ல புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு மொத நாள் ஒரே கேள்விதான், "உங்க வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தா என்ன தெரியும்?" அபார்ட்மெண்ட் பிள்ளைன்னா ஜன்னல். ஒரு ஏழு வயசுப் பொண்ணு, மொதல்ல மலைதான் போட்டா, அழிக்கச் சொல்லல, இன்னொரு பேப்பர் குடுத்தேன். ரொம்ப நேரம் பென்சிலைக் கடிச்சுட்டு உக்காந்திருந்துட்டு அடிபம்பு ஒண்ணு போட்டா. பம்புக் கைப்புடி அவ உயரத்துக்கு ரெண்டு மடங்கு. கீழ பச்சைக் குடம், குடத்துக்குள்ள தண்ணி எதுவரைக்கும் இருக்குன்னு வெளிலேருந்தே தெரியறா மாதிரி கோடு. குடம் கண்ணாடியா என்னன்னு பெரியவங்க கேப்பாங்க, சின்னப் பிள்ளைங்க கண்ணுக்குத் தெரியறதை இல்ல, மனசுக்குத் தெரியறதை வரைவாங்க, பூனை வயித்துக்குள்ள குட்டி, பஸ்ஸுக்குள்ள அப்பா காலு எல்லாம் தெரியும். அந்தக் கோடு ஏன்னு கேட்டேன். "பாதிதான் சார் வரும், அப்புறம் காத்துதான் வரும்"னா. இதை எந்த டிராயிங் புக்லயும் பாத்து வரைய முடியாதும்மா.

சேக்கறதுன்னா சேருங்க, ஆனா மொத நாள் போய் ஓரமா நின்னு கிளாஸைப் பாருங்க. மாஸ்டர் பையனோட பேப்பர்ல தன் பென்சிலை வச்சு திருத்தறாருன்னா கூட்டிட்டு வந்துருங்க. நான் சொல்லித் தர்றப்ப பக்கத்துல இன்னொரு பேப்பர் வச்சு அதுல போட்டுக் காட்டுவேன், பிள்ளை பேப்பரைத் தொட மாட்டேன். எனக்கு ஆறாவது படிக்கறப்ப ஒரு வாத்தியார் என் மாட்டு மேல அவர் மாட்டை வரைஞ்சார், அவர் மாடு நல்லாதான் இருந்துச்சு, ஆனா எங்க மாட்டுக்கு ஒரு கொம்பு மடங்கி இருக்கும், அதை நேராக்கிட்டார்.

அப்ப ஒண்ணுமே சொல்லித் தராம விட்டுட்டா போதுமா? அதுக்கு எதுக்கு ஃபீஸ்?
— ஒரு அப்பா, சென்னை

நல்ல கேள்வி, கொஞ்சம் சுளீர்னு இருக்கு. 1897-லயே வியன்னால ஃப்ரான்ஸ் சிஷெக்னு ஒருத்தர் சின்னப் பிள்ளைங்களுக்குன்னு தனி ஓவிய கிளாஸ் ஆரம்பிச்சு, பிள்ளைங்க பிள்ளைங்களா வரையட்டும்னு விட்டார், உலகம் பூரா அதுக்கப்புறம்தான் பிள்ளைங்க படத்தையும் படமா பாக்க ஆரம்பிச்சாங்க. ஆனா நான் முழுசா அந்தக் கட்சி இல்ல. ஒம்பது பத்து வயசுல பிள்ளைக்கே 'நான் போட்டது நெசமா இருக்கறா மாதிரி இல்லையே'ன்னு ஒரு எரிச்சல் வரும், அதுவரைக்கும் ஜாலியா வரைஞ்ச பிள்ளை திடீர்னு நிறுத்திரும். அங்கதான் சொல்லித் தரணும். பென்சிலை எப்படி சாய்ச்சுப் புடிக்கறது, தூரத்துல இருக்கறது ஏன் சின்னதாத் தெரியுது, நிழல் கறுப்பு இல்ல அதுலயும் நீலம் இருக்கு, இதெல்லாம். கேக்கறதுக்கு முன்னாடி சொன்னா ஏறாது, கேட்டப்புறம் சொல்லலைன்னா போயிரும். அந்த நேரத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்குத்தான் சார் ஃபீஸ்.

என் பேத்தி எல்லாத்தையும் கறுப்புலயே வரையறா. சூரியன்கூட கறுப்பு. மனசுல ஏதாவது பிரச்சனையா?
— தாத்தா, நாகப்பட்டினம்

மொதல்ல கிரேயான் டப்பாவைத் திறந்து பாருங்க ஐயா. மஞ்சள் தீந்து போயிருக்கும்.

எனக்கு 29 வயசு, ஐடி வேலை. ஓவியம்தான் என் வாழ்க்கைன்னு தோணுது, ரிசைன் பண்ணிடலாமா? லேட் ஆயிடுச்சா?
— வாசகர், சோழிங்கநல்லூர்

லேட் இல்ல தம்பி. மேல சொன்னேன்ல பணிக்கர், அவர் அப்பா இறந்துட்டதால குடும்பத்துக்காகப் படிப்பை விட்டுட்டு தந்தி டிபார்ட்மெண்ட்ல வேலை பாத்துட்டு 25 வயசுலதான் ஓவியப் பள்ளிக்கே வந்தார், 1936-ல. கே.ஜி. சுப்ரமணியன் நம்ம மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல எகனாமிக்ஸ் படிச்சவர், வெள்ளையனே வெளியேறு போராட்டத்துல ஜெயிலுக்குப் போனதால கவர்மெண்ட் காலேஜ்ல திரும்ப சேக்க மாட்டேன்னுட்டாங்க, அப்புறம் 1944-ல சாந்திநிகேதன் போய் நந்தலால் போஸ்கிட்ட படிச்சு, பரோடால எத்தனையோ பேருக்கு வாத்தியார் ஆனார், பிள்ளைங்களுக்குப் படக்கதை புத்தகமும் போட்டார். மதுரை மனோகர் தேவதாஸ் தொழில்முறைல கெமிஸ்ட், படிப்படியா கண் பார்வை குறைஞ்சுட்டே வர்ற வியாதி வேற, அதோட மதுரைத் தெருவையும் கோபுரத்தையும் பேனாவால மயிரிழை கோடா வரைஞ்சு வச்சுட்டுப் போயிருக்கார்.

ஆனா ரிசைன் பண்ணாதே. 1966-ல பணிக்கரும் அவர்கூட இருந்த பசங்களும் இஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பிச்சப்ப அந்த நிலம் வாங்கின காசு எதுல வந்துச்சு தெரியுமா? பாத்திக் துணி. மெழுகு ஊத்தி சாயம் போட்டு வித்து, அந்தக் காசு. காலைல கைவினைப் பொருள், சாயங்காலம் ஓவியம்னு வாழ்ந்தாங்க, ஏன்னா படம் விக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும். உனக்கு பாத்திக்குக்கு பதிலா கம்ப்யூட்டர். உன் ஆபீஸ் சோழிங்கநல்லூர்ல, சோழமண்டலம் ரொம்ப தூரமில்ல, ஒரு லீவு நாள்ல போய் ரெண்டு மணி நேரம் சுத்திட்டு வா. தெனம் காலைல ஒரு மணி நேரம் ஒரு வருஷம் வரைஞ்சுட்டு அப்புறம் லெட்டர் போடு. எத்தனை நாள் விட்டுப்போச்சுன்னும் எழுது, அதை வச்சு பதில் சொல்றேன்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்க பள்ளிக்கு டிராயிங் டீச்சர் கிடையாது, 40 பிள்ளைங்க, கலர் வாங்கக் காசும் இல்ல. என்ன செய்யலாம்?
— ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

டீச்சர், 2012-ல தமிழ்நாட்டுல ஓவியம், பி.இ.டி., தையல்னு சேத்து 16,000-க்கு மேல பகுதிநேர ஆசிரியர்களைப் போட்டாங்க, அப்ப மாசம் 5,000 ரூபா, வாரத்துல மூணு அரை நாள். என்கூடப் படிச்சவங்களே அதுல இருக்காங்க, ரொம்ப வருஷமா நிரந்தரம் கேட்டு ரோட்ல உக்காந்துட்டு இருக்காங்க. அந்தக் கதையைப் பேசினா பக்கம் பத்தாது, உங்க வேலைக்கு வருவோம்.

கடைல கலர் வாங்க வேணாம். ஒரு ஸ்பூன் மஞ்சத்தூளைத் தண்ணில கரைச்சு, துணியால சாதா வெள்ளைப் பேப்பர் பூரா தடவி வெயில்ல காய வைங்க. வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பைத் தண்ணில கலக்கி அசையாம வச்சா மேல தெளிஞ்ச தண்ணி நிக்கும், அதை மட்டும் தனியா எடுத்துக்கோங்க. தென்னை ஈர்க்குச்சி நுனியை நசுக்கி அந்தத் தண்ணில தொட்டு மஞ்சப் பேப்பர்ல கோடு போடச் சொல்லுங்க. கோடு செவப்பா வரும்! ஆரத்தித் தட்டு செவக்கறதும் இதேதான். நிறம் ஒண்ணும் இல்லாத தண்ணி பேப்பரைத் தொட்டதும் செவக்கறதைப் பாத்து 40 பிள்ளைங்களும் கத்தற சத்தத்துல ஹெச்.எம். ஓடி வருவாங்க, பயப்படாதீங்க. செவந்த கோட்டு மேல எலுமிச்சம்பழம் தேச்சா திரும்ப மஞ்சளாயிரும், அதான் ரப்பர். சுண்ணாம்புத் தண்ணி கண்ணுல படக்கூடாது, கிண்ணம் உங்க மேஜைலயே இருக்கட்டும், ஒவ்வொருத்தரா வந்து தொட்டுட்டுப் போகட்டும். அன்னிக்கு சயின்ஸ் பாடமும் நடந்துரும்.

மத்தபடி அடுப்புக்கரி, செங்கல் துண்டு, இலையைத் தேச்சா பச்சை, செம்பருத்தியைத் தேச்சா ஒரு ஊதா. பேப்பரும் இல்லைன்னா கிரவுண்ட். மண்ணைத் தண்ணி தெளிச்சு குச்சியால ஒரு பஸ்ஸை நெஜமான சைஸ்ல வரையச் சொல்லுங்க, 40 பேரும் சேந்து, அப்புறம் அதுக்குள்ளயே ஏறி உக்காந்துக்கட்டும்.

பாத்து வரையறது தப்பா? என் தோழி அது ஓவியமே இல்லங்கறா.
— வாசகி, சேலம்

உங்க தோழி கோலம் போடுவாங்களா? போட்டா, அவங்க அம்மா போட்ட புள்ளியைப் பாத்துதான் போட்டிருப்பாங்க. ஏழு புள்ளி நேர்ப்புள்ளி, இடைப்புள்ளின்னு கை பழகினப்புறம் ஒரு மார்கழில யாரைக் கேக்காமலும் ஒரு சுழி கூடுதலா வரும், அன்னிக்குத்தான் அது அவங்க கோலம். ஆனா போட்டோவைப் பாத்து வரையறதைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கோங்க, கேமரா ஒரு கண்ணால பாத்து முடிச்சதை நீங்க மறுபடி பாக்கறீங்க. பூசணிக்காயை மேஜைல வச்சு வரைங்க, வரைஞ்சு முடிச்சு சாம்பார் வைக்கலாம்.

14 வயசுப் பையன், எந்நேரமும் அனிமே பொம்மைதான், பெரிய கண்ணு, முள்ளு முள்ளா முடி. எப்படி மாத்தறது?
— அம்மா, கோவை

எதுக்கு மாத்தணும்? நான் அந்த வயசுல ரஜினி வரைஞ்சேன், எங்க வாத்தியார் எம்ஜிஆர் வரைஞ்சிருப்பார். ஆனா ஒரு குறும்பு பண்ணலாம், என் கிளாஸ்ல பண்ணினேன். இதே மாதிரி ஒரு பையன்கிட்ட "உன் ஹீரோ நம்ம ஊருக்கு வந்து டவுன் பஸ்ல தொங்கிட்டுப் போறான், வரை"ன்னேன். பொம்மை அஞ்சு நிமிஷத்துல வந்துருச்சு, பஸ் வரல. பஸ் படிக்கட்டு எத்தனை, கம்பி எங்க இருக்கு, ஒண்ணும் தெரியல, தெனம் அதுலதான் ஸ்கூலுக்கு வர்றான். மறுநாள் பஸ் ஸ்டாண்டுல நின்னு ஸ்கெட்ச் புக்கோட வந்தான், கண்டக்டர் பையை மட்டும் எட்டு தடவை வரைஞ்சிருந்தான்.

எல்லா எக்ஸிபிஷன்லயும் படித்துறையே வரையறீங்களே, போரடிக்கலையா?
— வாசகர், தஞ்சாவூர்

உங்களுக்கு போரடிக்குதுன்னு சொல்றீங்க, புரியுது.

ஆதிமூலம் சார் காந்தி நூற்றாண்டு சமயத்துல காந்தியை கறுப்பு மைல வரைஞ்சார், ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா, கோட்டை மாத்தி மாத்தி. ஒரே ஆள், ஒரே மொட்டைத் தலை, ஒரே கண்ணாடி. ஆனா ஒவ்வொண்ணுலயும் கோடு வேற வேகத்துல போகும், ஒண்ணுல சிலந்தி நூல் மாதிரி, இன்னொண்ணுல வெட்டரிவாள் மாதிரி. பின்னாடி மனுஷனே இல்லாம வெறும் கலரா நிலம், வெளின்னு பெரிய கேன்வாஸ்களுக்குப் போயிட்டார்.

என் படித்துறைல நான் பாக்கறது படி இல்ல சார், ஈரம். ஜூன் 12 மேட்டூர் திறந்தா எங்க ஊருக்குத் தண்ணி வர சில நாள் ஆகும், அது வரைக்கும் கல்லு வெளுத்துக் கெடக்கும், வந்தப்புறம் நனைஞ்ச படிக்கும் காஞ்ச படிக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கும், அது தெனம் ஏறும் எறங்கும். அந்தக் கோட்டோட கலர் எனக்கு இன்னும் புடிபடல. அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தா நல்ல கல்லு சாம்பல் வரும், டியூப்ல வர்ற கறுப்பைத் தொடவே வேணாம், அதுவரைக்கும் வந்துட்டேன். பாசி ஏறின ஈரம் மட்டும் ஏமாத்துது. தண்ணியே வராத வருஷமும் இருந்திருக்கு, அந்த வருஷம் வரைஞ்சது ரெண்டும் வித்துருச்சு, எனக்கு அது ஒரு மாதிரி இருந்துச்சு.

ஒரு படத்துக்கு எப்படி விலை வைக்கறீங்க?
— வாசகர், மதுரை

வாங்க வந்தவங்க கேக்கறப்ப பொண்டாட்டியைப் பாப்பேன், அவ உள்ள போயிட்டா கம்மியா சொல்லிட்டேன்னு அர்த்தம்.

நெசமா சொல்லணும்னா கேன்வாஸ், பெயிண்ட், ஃப்ரேம் செலவு ஒரு பங்கு, எத்தனை நாள் ஆச்சோ அத்தனை நாள் கூலி, ஒரு நல்ல கொத்தனார் கூலி என்னவோ அதுக்குக் கொறையாம. மொத பத்து வருஷம் இப்படித்தான் வச்சேன். சொந்தக்காரங்களுக்கு ஃப்ரீயா குடுக்காதீங்க, கல்யாண வீட்ல குடுத்த என் படம் ஒண்ணை அடுத்த கல்யாணத்துல வேற ஒருத்தர் குடுத்து நானே பாத்தேன்.

ஏஐ ஒரு செகண்டுல படம் போடுது. இனி ஓவியருக்கு வேலை இருக்குமா?
— நிறைய பேர், நிறைய ஊர்

எனக்கு இது ரெண்டாவது தடவை. ஃப்ளெக்ஸ் வந்தப்ப எங்க தெருவுல ஆறு ஆர்ட்ஸ் கடை இருந்துச்சு, ரெண்டு மூணு வருஷத்துல ஒண்ணுகூட இல்ல, ஆறுக்கும் பதிலா ஒரு பிரிண்டிங் மிஷின். எங்க மாஸ்டர், அந்தத் தும்பிக்கை 'லை' எழுதினவர், கடைசிக் காலத்துல வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கற காண்ட்ராக்ட்ல கூலிக்குப் போனார். உருளைல சுவத்துக்குக் கலர் அடிக்கறப்பவும் ஓரத்துல டேப் ஒட்டாம ஃப்ரீஹேண்டா நேர்கோடு இழுப்பார், மேஸ்திரி வேடிக்கை பாப்பான். அதனால 'கலை அழியாது, கவலைப்படாதீங்க'ன்னு என்னால சொல்ல முடியாது. அழிஞ்சுது, பாத்திருக்கேன். நான் தப்பிச்சது திறமையால இல்ல, என்கிட்ட டிகிரி சர்டிபிகேட் இருந்துச்சு, ஒரு தனியார் ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர் ஆனேன். அங்கயும் மத்த டீச்சருங்களுக்கு சார்ட் எழுதிக் குடுக்கறது, ஆனுவல் டேக்கு தெர்மாகோல் வெட்டறது, இதான் முக்கால்வாசி வேலை, ஓவிய பீரியடை மேக்ஸுக்குக் குடுத்துருவாங்க. அந்தக் கடுப்புலதான் ஞாயித்துக்கிழமை கிளாஸே ஆரம்பிச்சேன்.

பத்திரிகைப் படம், விளம்பரம், புத்தக அட்டை பண்ற தம்பிங்களுக்கு அடி விழும், ஏற்கனவே விழுது. படிக்கற பிள்ளைங்களுக்கு ஒண்ணுதான் சொல்றேன், அந்த மிஷின்கிட்ட 'கிராமத்துக் காட்சி'ன்னு கேட்டுப் பாருங்க. எனக்கு ஒரு பையன் போன்ல காட்டினான். ரெண்டு மலை, நடுவுல சூரியன்.

பிளஸ் டூ முடிச்சுட்டு ஓவியம் படிக்க எங்க போறது?
— மாணவர், அரியலூர்

கவர்மெண்ட்ல சென்னை, கும்பகோணம் ரெண்டு ஊர்ல கவின் கலைக் கல்லூரி இருக்கு, பிஎஃப்ஏன்னு பட்டப்படிப்பு. சிற்பம், கோயில் கட்டடக்கலைன்னா மாமல்லபுரம். சென்னைல இருக்கறது 1850-ல அலெக்சாண்டர் ஹண்டர்ங்கற டாக்டர் ஆரம்பிச்சது, மெரினா உழைப்பாளர் சிலை பண்ணின ராய் சௌத்ரி 1929-லேருந்து அங்கதான் பிரின்சிபாலா இருந்தார். மார்க் மட்டும் போதாது, வரையச் சொல்லி ஒரு டெஸ்ட் வைப்பாங்க. அதுக்கு இப்பவே தெனம் பத்து ஸ்கெட்ச், பஸ் ஸ்டாண்டு, சந்தை, டீக்கடை, அசையற ஆளுங்களா வரைஞ்சு கை பழகு. அங்க போய் சீனரி போட்டுடாதே.

பழைய ஓவியங்கள்ல பசங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டற மாதிரி எது?
— வாசகி, புதுச்சேரி

சித்தன்னவாசல். புதுக்கோட்டைக்குப் பக்கத்துல, ஒம்பதாம் நூற்றாண்டு, சமணக் குகைக்கோயில், விதானத்துல தாமரைக் குளம் வரைஞ்சிருக்கான், மீன், வாத்து, யானை, பூப்பறிக்கற ஆளுங்க. நெறைய அழிஞ்சு போச்சு, இருக்கறது போதும். குளத்தை மேல வரைஞ்சிருக்கான் பாருங்க, அண்ணாந்து பாத்தா தண்ணி! நான் கூட்டிட்டுப் போன பசங்க ரெண்டு பேர் தரைல மல்லாக்கப் படுத்துட்டாங்க, காவல்காரர் எழுப்பினார். தஞ்சாவூர் பெரிய கோயில்ல கருவறையைச் சுத்தின உள்பாதைல சோழர் காலத்து ஓவியம் இருக்கு, மேல நாயக்கர் காலத்துல வேற படம் வரைஞ்சு மூடியிருந்தாங்க, 1931-ல கோவிந்தசாமின்னு ஒரு பேராசிரியர்தான் உள்ள விளக்கை எடுத்துட்டுப் போய் பெயர்ந்த இடத்துல கீழ இன்னொண்ணு இருக்கறதைக் கண்டுபுடிச்சார். அங்க எல்லாரையும் விட மாட்டாங்க, போட்டோலதான் பாக்கணும்.

உங்க ஞாயித்துக்கிழமை கிளாஸ் இன்னும் நடக்குதா? என் பொண்ணை அனுப்பலாமா?
— அம்மா, திருவிடைமருதூர்

நடக்குதும்மா, காலைல ஏழரைலேருந்து பத்து வரைக்கும், எங்க வீட்டுத் திண்ணைலயும் கொல்லைலயும். வெயில் ஏறினா பிள்ளைங்களுக்குக் கண்ணு கூசும், அதான் சீக்கிரம். மழை பேஞ்சா கிளாஸ் கிடையாது, திண்ணைல பதினஞ்சு பேருக்கு மேல பத்தாது. ஃபீஸ் முடிஞ்சதைக் குடுங்க, ஒருத்தர் மாசாமாசம் வாழைத்தார் குடுக்கறார், அதுவும் சரிதான். பழைய சட்டை போட்டு அனுப்புங்க. அழிரப்பர் குடுத்து விடாதீங்க, நான் வாங்கி வச்சுக்குவேன், போறப்பதான் தருவேன். கொல்லைல இப்ப ஒரு சேவலும் நாலு கோழியும் இருக்கு, சேவல் கொஞ்சம் கொத்தும், முன்னாடியே சொல்லிடறேன்.